ஏழு வெள்ளிக் காசுகளில் ஒரு கொக்கி

தம்பி,

இங்கே டுசல்டோர்ஃபில் நாங்கள் இரண்டு பேரும் நன்றாகத்தான் இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் மூன்றாம் மாடிப் படியைக் கண்டால் முறைத்துக்கொண்டு நிற்கும். ஏறி முடிந்ததும் அதுவும் சமாதானமாகிவிடும். இதை நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி எழுதுகிறாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அழுதழுது போனவள், இன்றைக்கு என் வாயிலிருந்து விழுவதை ஒரு சொல் சிந்தாமல் பிடிக்கிறாள். "மெல்லமாச் சொல்லுங்கோ அப்பா, நானென்ன மெஷினோ?" என்று அதற்குள் ஒரு பேச்சும் வாங்கிவிட்டேன். அடுத்த மாதம் நீ ஹாலேப் பல்கலைக்கழகத்துக்கு வேலைக்குப் போகிறாய். அதற்கு முன், வருகிற கிழமை, உன் ஆராய்ச்சிப் புத்தகத்தைப் பேராசிரியரிடம் கொடுக்கப்போகிறாய். அதிலே ஒரு இடம் பிழை, தம்பி. அது பிழை என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்லப்போனால், நீ பிறந்த நாளிலிருந்து உனக்கு மறைத்து வைத்திருக்கிற ஒன்றையும் சொல்லவேண்டி வரும். அதைக் கேட்டபிறகு என்னைப் பற்றி நீ என்ன நினைப்பாயோ என்று இரண்டு கிழமையாய் யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்தால் புத்தகம் அச்சுக்குப் போய்விடும். ஆகவே சொல்கிறேன். கடித உறையை ஒட்டவேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறேன். யார் எடுத்து வாசித்தாலும் இனி எனக்கு ஒன்றுமில்லை.

நீ அந்தக் காசுப் படங்களைக் கொண்டுவந்தது நத்தாருக்கு முந்திய கிழமை, தெருவெல்லாம் கிறிஸ்மஸ் மரம் விற்ற நேரம். கீழ்வீட்டுக்காரர் கோடையில் உதைபந்தாட்டத்துக்குக் கட்டின கொடியைப் பல்கனியிலிருந்து அதுவரைக்கும் கழற்றவில்லை. குசினி மேசையில் துணியை எடுத்துவிட்டு, படங்களை ஒவ்வொரு உறையாய் எடுத்துப் பரப்பினாய். காசு என்று பெரிதாய்ச் சொன்னாயே தவிர, உண்மையில் அது என் சுண்டுவிரல் நகத்தளவு வெள்ளித் தகடுதான். படத்திலோ சாப்பாட்டுத் தட்டளவுக்குப் பெருப்பித்திருந்தாய். ரைன் கரையில், ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்திய புதைகுழிகளில் எடுத்தவை, சிலதைச் செத்தவர்களின் வாயிலே வைத்திருந்தார்கள் என்று சொன்னாய். நாங்கள் வாய்க்கரிசி போடுகிற ஆட்கள், எனக்கு அது அந்நியமாய்த் தெரியவில்லை. ஒரு பக்கம் அரசனின் முகம். வலப்பக்கம் பார்த்தபடி, தலையைச் சுற்றி இரட்டை வரிசை முத்துப்பட்டி, அதன் நாடா பிடரியில் இரண்டாய்ப் பிரிந்து தொங்கும். தோளில் சால்வையைப் பூட்டிய ஊசி. மறுபக்கம் கதிரையில் அமர்ந்த ஒரு பெண். ஒரு கையில் ஈட்டி, மற்றக் கையில் ஒரு உருண்டை, உருண்டையின் மேல் சிறகு வைத்த ஒரு குட்டிப் பெண். "இது ரோமாபுரி அப்பா, ஊரையே பெண்ணாக்கி இருத்தியிருக்கினம்" என்றாய். ரோமருடைய கை இந்தப் பக்கம் தளர்ந்துபோன காலத்தில், இங்கே இருந்தவர்கள் அந்தக் காசைப் பார்த்துப் பார்த்துத் தாங்களே வெட்டிக்கொண்டார்கள் என்றும் விளங்கப்படுத்தினாய். அம்மா போனபிறகு அந்த மேசையில் அவ்வளவு நேரம் மூன்று பேர் இருந்தது அன்றைக்குத்தான். தேத்தண்ணி மூன்று முறை போட்டேன்.

நீ போனபிறகும் படங்கள் ஒரு கிழமை என்னிடம் இருந்தன. நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். இருநூறுக்கு மேற்பட்ட படங்களைக் கை கையாய்ப் பிரித்து வைத்தேன். இது ஒருவன் வெட்டியது, இது அவனிடம் வேலை பழகினவன் வெட்டியது, இந்த இரண்டும் ஒரே அச்சில் அடித்தவை, அரசனின் காதுக்குப் பின்னால் ஒரே கீறல் இருக்கிறது என்று. நீ வந்து பார்த்துவிட்டு, உன் கொம்பியூட்டரோடு ஒத்துப் பார்த்துவிட்டு, தலையில் கை வைத்தாய். "அப்பா, இதுக்கு நான் நாலு மாசம் மினக்கெட்டனான். உங்களைப் பேராசிரியரிட்டக் கூட்டிக்கொண்டு போகவேணும்." "சோறு தருவினமோ?" என்று கேட்டேன். "உருளைக்கிழங்குதான் தருவினம்." "அப்ப நான் வரேல்ல" என்றேன். என் வாழ்க்கையில் நான் அனுபவித்த நல்ல பின்னேரங்களில் அது ஒன்று, தம்பி. அதை நான் கெடுக்க விரும்பவில்லை. அதனால்தான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

எதைச் சொல்லாமல் என்று கேள். நீ தனியாய் எடுத்து வைத்த அந்த ஏழு காசுகள். "இதுதான் அப்பா என்ர புத்தகத்தின்ர உயிர்" என்றாய். முகத்தைச் சுற்றி ஓடுகிற எழுத்து ரோம அரசர் யாருடைய பெயரும் இல்லை, இதுவரை ஒருத்தரும் வாசிக்காத ஒரு ராசாவின் பெயர், நீதான் வாசித்திருக்கிறாய் என்றாய். மூன்றாவது எழுத்தின் காலிலே ஒரு கொக்கி. "தற்செயல் எண்டால் ஏழிலயும் வராது. அது ஒரு தனி எழுத்து, அந்தச் சனத்தின்ர சொந்த எழுத்து" என்று விரலால் தொட்டுக் காட்டினாய். எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. வாய் தவறிச் சொல்லியும்விட்டேன். "அது எழுத்தில்லைத் தம்பி. எழுதத் தெரியாதவன் வெட்டினது." நீ சிரித்தாய். "உங்களுக்கு லத்தீன் எப்ப தொடக்கம் வந்தது?" தங்கச்சியும் சேர்ந்து சிரித்தாள். பிறகு நீ சிரிப்பை விட்டுவிட்டு, "எப்பிடித் தெரியும் அப்பா?" என்று கேட்டாய். "சும்மா, அப்பிடித் தோணுது" என்றேன். படியிறங்கும்போது திரும்பி நின்று மறுபடியும் கேட்டாய். மறுபடியும் அதையே சொன்னேன். இரண்டு முறையும் பொய்.

தம்பி, எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஜெர்மன் மட்டும் என்று நினைக்காதே. தமிழும் தெரியாது. எண் தெரியும், மணிக்கூடு தெரியும், ட்ராமின் இலக்கம் தெரியும். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது.

இந்த இடத்தில் உன் தங்கச்சி பேனையை வைத்துவிட்டாள். பிறகு, "அப்ப என்ர பள்ளிக்கூட றிப்போட்டெல்லாம் பாத்துப்போட்டு ஏதோ சொல்லுவீங்களே? ஒருக்காலும் பிழைச்சதில்லையே?" என்று கேட்டாள். "நீ தரேக்க உன்ர முகத்தைத்தான் வாசிச்சனான்" என்றேன். "பொய்க்கார அப்பா" என்று என் தோளில் ஒரு அடி போட்டாள். மூக்கைத் துடைத்தாள். "சரி, சொல்லுங்கோ" என்று பேனையை எடுத்தாள். இதையும் எழுது என்றேன், எழுதியிருக்கிறாள்.

எப்படி நடந்தது என்று நீ கேட்பாய். யாழ்ப்பாணத்தில் படிக்காதவனை ஒரு ஆளாய் மதிக்கமாட்டார்கள், அது உனக்குத் தெரியாது, நீ இங்கே வளர்ந்தவன். என் தகப்பன் நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட, ஆறு வயதில் என்னைச் சுருட்டுக் கொட்டிலில் கொண்டுபோய் இருத்திவிட்டார்கள். அங்கே நாற்பது பேர் இருந்து சுருட்டுச் சுற்றுவோம், ஒருவர் நடுவிலே இருந்து பேப்பர் வாசிப்பார். பேப்பர் முடிந்தால் கதைப்புத்தகம். அவருக்குரிய சுருட்டை நாங்கள் எல்லாரும் சேர்ந்து சுற்றிக் கொடுத்துவிடுவோம். உலகத்தை நான் காதால் கேட்டேன். ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே நிற்கும். அதனால் எனக்கு எழுத்து இல்லை என்பது வெளியே தெரியவே இல்லை, மற்றவனைவிட நான் கூடவே கதைத்தேன். கையும் அங்கேதான் பழகியது. கூடையில் கிடக்கிற சுருட்டை எடுத்துப் பார்த்து இது இன்னார் சுற்றியது, இன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் என்று சொல்வேன். உன் காசுகளை நான் பிரித்தது அந்த வித்தையில்தான், வேறொன்றுமில்லை.

உன் அம்மா கலியாணம் முடித்து இரண்டாம் கிழமையே கண்டுபிடித்துவிட்டாள். ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், கடைசிவரை சொல்லவில்லை. இங்கே வந்து இறங்கியதும் அகதி விண்ணப்பத்துக்கு, அந்த அன்ட்ராக்குக்கு, கையெழுத்து வேண்டும் என்றார்கள். முதல் நாள் இரவு அவள் சிகரெட் பெட்டியைக் கிழித்து, அதன் உட்புறத்தில் என் பெயரை இங்கத்தைய எழுத்தில் எழுதித் தந்தாள். நான் அதை மலை, கிணறு, கதவு என்று படமாய்ப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகினேன். வருஷக்கணக்காய் அப்படித்தான் போட்டேன். உனக்குப் பாஸ்போட் எடுக்கப் போனபோது அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். "இஞ்சருங்கோ, உதென்ன உந்த வால்?" என்று காதுக்குள்ளே கேட்டாள். "நீர் எழுதித் தந்ததுதானே." "ஐயோ, அது பேனை மட்டையில கொழுவி இழுத்த கோடப்பா!" அந்தக் கந்தோரில் வைத்து அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, இருமுகிறமாதிரி நடித்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். ஆனால் அதற்குள் எல்லாக் கந்தோரிலும் அந்த வாலோடுதான் என் பெயர் பதிந்துவிட்டது. இனி மாற்றினால் கள்ளன் என்பார்கள். எழுதத் தெரிந்தவன் பேனை இழுத்த கோட்டை விட்டுவிடுவான். தெரியாதவனுக்கு எது எழுத்து, எது கோடு என்று எப்படித் தெரியும்? இருக்கிறதெல்லாம் வேண்டியதுதான் என்று எல்லாவற்றையும் வரைவான்.

இப்போது உன் ஏழு காசுக்கு வா. மூன்றாவது உறைக்குள், மூலையில் நீலக் கடதாசி ஒட்டிய ஒரு படம் இருக்கிறது. அது உண்மையான ரோமர் காசு, எழுத்தெல்லாம் துப்புரவாய் இருக்கிறது என்று நீ ஒதுக்கி வைத்தது. அதன் மூன்றாவது எழுத்தைப் பார். காலடியிலிருந்து ஒரு மெல்லிய கோடு வெளியே போய், விளிம்பிலே முட்டும். அச்சு வெடித்தால் வெடிப்பும் காசில் கோடாய் எழும்பும் என்று நீதானே எனக்குச் சொல்லித் தந்தாய்? அது அந்த வெடிப்பு. அந்த அச்சிலே அடித்த காசெல்லாம் அந்தக் கோட்டோடுதான் ஊரெல்லாம் போயிருக்கும். அதில் ஒன்று உன் ஏழு காசுக்கு அச்சு வெட்டினவன் கையில் கிடைத்திருக்கிறது. முன்னால் வைத்துப் பார்த்து வெட்டினான், வெடிப்பையும் வெட்டினான், கொஞ்சம் வளைத்து வடிவாக்கியும் விட்டான். அதுதான் உன் கொக்கி. இன்னும் நம்பிக்கை வராவிட்டால் கை எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார். முகத்திலும் முத்திலும் பயமில்லாமல் இறங்கியிருக்கிறது. எழுத்திலே மட்டும் தொட்டுத் தொட்டுப் பின்வாங்கியிருக்கிறது. கடைசியில் இடம் மிஞ்சிப்போக, வெறுமையாய் விடக் கூச்சப்பட்டு மூன்று நேர்க்கோடு போட்டு நிரப்பியிருக்கிறான். படிவங்களில் எனக்கு முன்னால் அப்படி இடம் மிஞ்சியிருக்கிறது, தம்பி. அந்தக் கூச்சம் எனக்குத் தெரியும். அங்கே ராசாவும் இல்லை, பெயரும் இல்லை. என்னைப் போல ஒருவன் இருக்கிறான்.

புத்தகக் கதை இவ்வளவும்தான். மற்றது இதைவிடக் கஷ்டம்.

நாலாம் வகுப்பு முடிய இங்கே பிள்ளைகளை வேறு வேறு பள்ளிக்கூடங்களுக்குப் பிரிப்பார்கள். உனக்குப் பத்து வயது. தங்கச்சி பிறக்க இருந்தாள், அம்மாவை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். நீ ஒரு கடதாசி கொண்டுவந்தாய். "ரீச்சர் இதை வாசிச்சுப்போட்டுக் கையெழுத்துப் போடட்டாம் அப்பா." நான் கண்ணாடியை எடுத்துப் போட்டேன். வாசிக்கிற ஒருவனுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன், மனதுக்குள் அறுபது எண்ணுவேன். எண்ணி முடித்துத் தலையை ஆட்டினேன். நீ ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, "உங்களுக்குச் சம்மதமோ அப்பா?" என்று கேட்டாய். "ஓம், நல்லதுதானே." "உண்மையாவோ?" என்று இன்னொருமுறை கேட்டாய். எனக்குப் பயம் வந்து, பயத்தை மறைக்கக் கோபம் வந்தது. "பெரியாக்கள் சொன்னால் சரி, போ" என்று சத்தம் போட்டுவிட்டுக் கையெழுத்தை வரைந்தேன். உனக்கு அந்தக் கடதாசியில் என்ன இருந்தது என்று தெரியும். பல்கலைக்கழகத்துக்கு வழிவிடுகிற பள்ளிக்கூடமான கிம்னாசியத்துக்கு உன்னை அனுப்பவேண்டாம், குறைந்த பள்ளிக்கூடம் போதும் என்று இருந்தது. பெற்றோர் சம்மதிக்காவிட்டால் வந்து கதைக்கலாம் என்றும் இருந்தது. எனக்கு அது மூன்று கிழமை கழித்து, அம்மா பிள்ளையோடு வீட்டுக்கு வந்து, அலுமாரிக்குள் பிரதியைக் கண்டபோதுதான் தெரியும். வந்து கதைக்கத் தந்த தவணை முடிந்திருந்தது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள். உனக்கு உண்மையைச் சொல்வோம் என்றாள். நான் விடவில்லை. என் மானத்தைக் காப்பாற்ற உன் மனதை விட்டுக்கொடுத்தேன். அது அம்மாவின் பிழையில்லை, முழுக்க என் பிழை.

நீ பட்டறையில் உருக்கு வேலை பழகி, இரவுப் பள்ளிக்கூடத்தில் படித்து, மற்றவர்கள் முடித்துக்கொண்டு வெளியே வருகிற வயதில் பல்கலைக்கழகத்துக்குள்ளே போனாய். இடம் கிடைத்த அன்று கேக் வெட்டும்போது சிரித்துக்கொண்டே சொன்னாய், "அப்பாவுக்கு என்னில அண்டைக்கே நம்பிக்கை இல்லை, வாசிச்சுப்போட்டுத்தானே சம்மதம் எண்டவர்." எல்லாரும் சிரித்தார்கள். நான் கேக்கைத் தின்றேன். தம்பி, நான் வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் அந்தப் பள்ளிக்கூடத்தின் வாசலில் போய்ப் படுத்திருப்பேன். உன்னை ஒரு நாளும், அரை நாளும், நான் குறைவாய் நினைத்ததில்லை. பட்டறையில் நின்றதால்தானே அச்சுவெட்டைப் பற்றி விளங்கிற்று, எல்லாம் நல்லதுக்குத்தான் என்று சொல்லி என்னைத் தேற்றவேண்டாம். அது நல்லதாய் முடிந்தது உன்னால். நான் செய்தது பிழை, அது பிழையாகவே இருக்கட்டும்.

புத்தி சொல்ல எனக்குத் தகுதி கொஞ்சம்தான், இருந்தும் தகப்பன், விடமாட்டேன். ஹாலேயில் உனக்குக் கீழே மாணவர்கள் இருப்பார்கள் என்றாய். ஒருவன் ஒரு கடதாசியை அளவுக்கு மிஞ்சிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சட்டென்று தலையாட்டினால், விளங்கிற்றா என்று கேட்காதே. ஓம் என்றுதான் சொல்வான். நீயே ஒருமுறை சத்தமாய் வாசித்துவிடு, அவனுக்காக இல்லை, உனக்காக வாசிக்கிறமாதிரி. ஒன்று தெரியாது என்றால் முதல் நாளே சொல்லிவிடு. முதல் நாள் அது ஒரு சின்ன வெட்கம். நாள் போகப் போக அதைக் காவல் காக்க ஒரு ஆள் வேண்டும், உன் அம்மாவை நான் அந்தக் காவலுக்கு வைத்தேன். இப்போது எனக்கு மனம் லேசாய்த்தான் இருக்கிறது. ட்ராம் ஓடுகிறது, முட்டுக்கால் ஓடுகிறது, உன் தங்கச்சி இதற்குள் இரண்டு முறை சிரித்தும்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை வா. கோபமாய் வந்தாலும் வா, இறால் கறி வைப்பேன். ஏச வேண்டியதை முதல் ஏசிவிடு, பிறகு சாப்பிடலாம்.

புத்தகத்தில் ஒன்று மாற்றவேண்டும். இந்தமாதிரிக் காசுகளுக்குப் படித்தவர்கள் வைத்திருக்கிற பெயர் 'பார்பாரிஷ்' என்றாய், காட்டுமிராண்டி வேலை என்று அர்த்தம் சொன்னாய். அந்தச் சொல்லைப் போடாதே. அரசனின் தலையில் முத்து வைத்திருக்கிற விதத்தைப் பார், ஒவ்வொன்றும் தனித்தனியாய், ஒன்று மற்றதில் முட்டாமல். அவனுக்கு எழுத வராது, வேலை வரும். அதை மட்டும் எழுது. ஆனால் உன் பேராசிரியர் விடமாட்டார், இதை யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். நீ நல்ல பிள்ளை, எனக்காக ஏதாவது சொல்லி மழுப்பப் பார்ப்பாய். மழுப்பாதே. கீழே சின்ன எழுத்தில் குறிப்புப் போடுவீர்களே, அங்கே என் முழுப் பெயரையும் போட்டு, 'எழுத வாசிக்கத் தெரியாத என் தகப்பன் பார்த்துச் சொன்னது' என்று போடு. அது இல்லாவிட்டால் நான் சொன்னதற்கு ஒரு சாட்சியும் இல்லை.

"இதையும் அப்பிடியே எழுதவோ அப்பா? அச்சில வந்தால் எல்லாரும் வாசிப்பினம்" என்று உன் தங்கச்சி கேட்கிறாள்.

எழுது பிள்ளை.